கண்ணாடித் தண்ணீர், பச்சைச் சுவர்

கருத்தப்பாண்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். நீச்சல் குளத்துச் சுவர் பச்சை பிடிப்பதற்குப் பெண்கள்தான் காரணம்.

தீர்ப்புக்கு விளக்கமும் கையோடு வைத்திருந்தார். "டைல்ஸு நீலம். நீங்க பூசிட்டு வாரது மஞ்ச. நீலத்துல மஞ்ச விழுந்தா என்ன ஆகும்? பச்சை ஆகும். ஒண்ணாப்புப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும்."

பதினொரு மணி லேடீஸ் பேட்ச் முடிந்து, தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்த பெண்கள் கேட்டருகே அப்படியே நின்றார்கள். நூர்பானுவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறந்ததிலிருந்து அவள் முகத்துக்கு மஞ்சள் பூசியதில்லை. அதைச் சொல்லவும் செய்தாள். கருத்தப்பாண்டி அசரவில்லை.

"நீங்க மருதாணி வைப்பீகல்ல தங்கச்சி. அது என்ன நெறம்?"

"செவப்பு."

"அரைக்கயில?"

அரைக்கும்போது பச்சைதான். இந்த மாதிரி ஆளிடம் வக்கீல் வைத்து வாதாடினாலும் கட்டணம்தான் தண்டம்.

"வார வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன்" என்றார் கருத்தப்பாண்டி. "அதுக்குள்ள சொவரு தெளியலன்னா லேடீஸ் பேட்ச் கெடையாது. அந்த நேரத்த மில்லு ஆபீசருமாரு கேட்டுக்கிட்டே இருக்காக. அவுக யாரும் மஞ்ச பூசுறதில்ல."

நூர்பானுவின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஊர் எல்லைக்குச் சற்று முன்னால், கருத்தப்பாண்டியின் தென்னந்தோப்புக்குள் இருந்தது அந்தக் குளம். அவர் சுந்தரபாண்டியத்துக்காரர். தென்னை தெரியும், நெல் தெரியும், கிணறு தெரியும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், காலம் மாறிவிட்டது அப்பா, நீச்சல் குளம் கட்டுங்கள் என்று மூன்று தீபாவளிக்கு விடாமல் சொன்னதால், தோப்புக் கிணற்றை மூடிவிட்டுக் குளம் கட்டினார். கிணறு போனாலும் கிணற்றுக்காரர் போகவில்லை. காலையில் எழுந்து முதல் வேலையாகக் குளத்தை எட்டிப் பார்த்து, தண்ணீர் எம்புட்டு இருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் பல் விளக்குவார்.

நூர்பானு ஐம்பதைத் தாண்டியவள். ராஜபாளையத்தில் கணவர் அபுபக்கரோடு சேர்ந்து ஹார்டுவேர்ஸ் கடை நடத்துகிறாள். பெயிண்ட், பைப்பு, சுண்ணாம்பு, ஆணி. நாள் முழுக்க யாருக்காவது எதையாவது எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் அவள் பிழைப்பு: கடையில் ஆணி, வீட்டில் சோறு. முட்டு தேய்ந்துவிட்டது, இடுப்பளவு தண்ணீரில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னபோது, அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து டாக்டரே குழம்பிப் போனார். முட்டு தேய்ந்ததற்கு யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை அவள் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. உடம்பு முழுக்க மூடிய நீச்சல் உடுப்பை ஆன்லைனில் வாங்கிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, குளத்தின் ஒரு ஓரமாக நடந்து போவாள், நடந்து வருவாள். எதிர்ச் சுவரைப் பார்ப்பாள். நடுவில் ஆழமான தண்ணீர். அதை நீந்திக் கடந்து அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. முட்டுவலி என்றால் எல்லோருக்கும் புரிகிறது; ஆசை என்றால் யாருக்குப் புரியும்?

நீச்சல் சொல்லிக்கொடுக்கிற யுவராணிக்கு மட்டும் புரிந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், பல்கலைக்கழக அளவில் நீந்தியவள், நூர்பானுவின் மகள் வயது. கரையில் இருக்கும்போது நூர்பானு அவளை மரியாதையாக 'டீச்சர்' என்பாள். தண்ணீரில் கால் நழுவினால் 'ஏட்டி, பிடிட்டி' என்பாள்.

"அக்கா, மெதக்க வந்திருச்சு, கால் அடிக்க வந்திருச்சு. சொவர விட மட்டும்தான் வரல" என்று யுவராணி போன வாரம்தான் சொன்னாள். "அடுத்த வாரம் விடுறீக."

அடுத்த வாரத்தில்தான் கருத்தப்பாண்டி தீர்ப்பைக் கொண்டுவந்து போட்டார். இனிமேல் இந்த ஒரு மணி நேரமும் இல்லை என்று நினைத்தபோது நூர்பானுவுக்கு அழுகை வந்தது. வீட்டில் சொல்லி அழவும் முடியாது. முட்டுவலிக்காக யாராவது அழுவார்களா?

இதில் புதிர் என்னவென்றால், தண்ணீர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அழகுத்தாய், ஆழமான நடுப்பகுதியில் தவறவிட்ட ஊக்கு, அடித்தரையில் கிடப்பது மேலிருந்து பார்த்தால் தெரிந்தது. அந்த அளவு தெளிவு. சுவர் மட்டும்தான் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு முழத்துக்குப் பச்சைக் கறையாக இருந்தது. நாள் ஆக ஆக அது இறங்கிக்கொண்டே போனது.

யுவராணி பிரஷ் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். "பாசின்னா தேய்ச்ச ஒடனே கலைஞ்சு தண்ணி கலங்கும். வழவழன்னும் இருக்கும். இது சொவரோட சொவரா ஒட்டிக் கெடக்கு" என்றாள். மதுரையில் தெரிந்த ஒரு குளக் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் படத்தைக்கூடப் பார்க்காமல், குளோரினைக் கூட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். கருத்தப்பாண்டி கூட்டினார். மறுநாள் பச்சையும் கூடியது.

"அண்ணாச்சி, தண்ணியில வேற எதுவும் கெமிக்கல் போடுறீகளா?" என்று யுவராணி கேட்டாள்.

"குளோரின் பவுடரத் தவிர ஒரு கெமிக்கல் கெடையாது. எங்கொலசாமி மேல சத்தியமா சொல்றேன்."

குலசாமி மேல் சத்தியம் செய்தவரை அதற்கு மேல் எப்படித் துருவுவது? யுவராணி விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை கேட்டில் ஒரு புது ஏற்பாடு. கருத்தப்பாண்டியின் மனைவி பாண்டிசெல்வி நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணின் கழுத்தையும் கன்னத்தையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். துணியில் மஞ்சள் ஒட்டினால் திரும்பிப் போக வேண்டியதுதான். பாண்டிசெல்வி நெற்றியிலிருந்து கழுத்து வரை மங்களகரமாக மஞ்சள் பூசியிருந்தாள். அவள் விரல் பட்டே துணி பாதி மஞ்சளாகிவிட்டதால், முதல் நாள் வந்த எல்லோருமே குற்றவாளிகளாகத் தெரிந்தார்கள்.

"ஏட்டி, மொதல்ல உன் கையக் கழுவிட்டு வந்து எங்கழுத்தத் தொடு" என்றாள் அழகுத்தாய். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு அதட்டிய குரல் அது. பாண்டிசெல்வி எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

நூர்பானுவிடம் துடைக்க ஒன்றும் இல்லை. அவளை உள்ளங்கையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். கூச்சமாக இருந்தது. கடையில் எத்தனையோ கொத்தனார்களை அதட்டி வேலை வாங்குகிறவள், ஒரு மணி நேரக் குளியலுக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. விருட்டென்று திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனால் கருத்தப்பாண்டிக்குத்தான் லாபம் என்று உள்ளே போனாள்.

வழக்கைத் திருப்பிப்போட்டது வெள்ளையன்.

வெள்ளையன் கருத்தப்பாண்டியின் நாய். அசல் ராஜபாளையம். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, நெடுநெடுவென்ற கால். அதன் தாத்தா நாய்க் கண்காட்சியில் வாங்கிய கோப்பை கருத்தப்பாண்டி வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது. நூர்பானுவுக்கு நாய் என்றால் ஆகாது. அதைக் கண்டால் பத்தடி தள்ளித்தான் நடப்பாள். தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குத்தான் சில சமயம் முழுசாகத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை தென்னை நிழலில் மல்லாந்து படுத்திருந்த வெள்ளையனைப் பார்த்துவிட்டு அவள் நின்றாள்.

"அழகுத்தாயி அக்கா, அந்த நாயோட வயித்தப் பாருங்க."

வயிறும் நான்கு காலும் வாலின் அடிப்பக்கமும் இளம்பச்சையாக இருந்தன.

"புல்லுல படுத்து எந்திரிச்சிருக்கும்" என்றாள் பாண்டிசெல்வி அவசரமாக.

"புல்லுக் கற ஒரு பக்கந்தான ஒட்டும்? இது முங்கிக் குளிச்சாப்புல சுத்திவரல்ல இருக்கு" என்றாள் யுவராணி.

அழகுத்தாய் பாண்டிசெல்வியை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், உண்மை வெளியே வந்துவிட்டது. தினமும் விடியற்காலையில் கருத்தப்பாண்டி குளத்தை அளக்கிற சாக்கில் வெள்ளையனை இறக்கி நீச்சல் அடிக்க விடுகிறார்.

"சரி, அத விடு" என்றாள் அழகுத்தாய். "நாய்க்கு யாரு மஞ்ச பூசினா? அதச் சொல்லு மொதல்ல."

மறுநாள் நாற்காலி கேட்டைவிட்டு உள்ளே போய்விட்டது. ஆனால் கருத்தப்பாண்டி தீர்ப்பை மாற்றவில்லை. பெண்கள் விட்டுப்போன பச்சை நாயின் மேல் ஒட்டியிருக்கிறது, பாவம் அது என்ன செய்யும் என்று நாய்க்கும் சேர்த்து நியாயம் கேட்டார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் பாத்திரம் துலக்கும்போது நூர்பானுவின் மனதில் நாயின் வயிறுதான் ஓடிக்கொண்டிருந்தது. பாசி என்றால் நாய் மேல் ஏன் பிடிக்கிறது? மஞ்சள் என்றால் பிரஷ்ஷுக்கு ஏன் மசியவில்லை? கையில் அபுபக்கரின் செம்புத் தண்ணீர் பாட்டில் இருந்தது. செம்பில் தண்ணீர் குடித்தால் நூறு வயது என்று வாட்ஸப்பில் யாரோ அனுப்பியதை நம்பி வாங்கியது. நான்கு நாள் குடித்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டார். வாய்ப்பக்கம் முழுக்கக் களிம்பு பிடித்திருந்தது. கொஞ்சம் புளியை எடுத்துத் தேய்த்தாள். களிம்பு கரைந்து செம்பு பளிச்சென்று சிரித்தது.

அவள் கை நின்றது. அந்தக் களிம்பின் பச்சை எங்கே பார்த்த பச்சை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் நீச்சல் பையில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புளி உருண்டை வைத்துக்கொண்டு போனாள். கழுத்துச் சோதனை போனாலும் கேட்டில் பையைத் திறந்து பார்ப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. பாண்டிசெல்வி புளியை வெளியே எடுத்து மோந்து பார்த்தாள்.

"இதென்ன பாய் வீட்டக்கா, கொளம்பு வைக்கப் போறீகளா?"

"வைக்கத்தான் போறேன். யாருக்குன்னு பொறவு சொல்றேன்."

தண்ணீரில் இறங்கிச் சுவரோரமாக நின்று, புளியை நனைத்து, கறைமேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். அழகுத்தாயும் யுவராணியும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். கையை எடுத்தபோது, பச்சைக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு நீல டைல்ஸ் புதிதாகத் தெரிந்தது.

யுவராணி அதைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இது பாசியே இல்ல. களிம்பு. செம்பு எங்கயோ இருந்து தண்ணிக்குள்ள எறங்குது."

"எங்க இருந்து?"

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. பைப்பில் செம்பு கிடையாது. எல்லாம் பிளாஸ்டிக். நூர்பானுவின் கடையில்தான் வாங்கினார்கள். மோட்டாரிலும் செம்பு தண்ணீரைத் தொடுகிற இடம் இல்லை. யாராவது செப்புக்குடத்தைக் குளத்தில் போட்டிருந்தால் ஊக்கு தெரிகிற தண்ணீரில் குடம் தெரியாமலா போகும்?

"கருத்தப்பாண்டி அண்ணாச்சிகிட்ட இப்பவே போயிச் சொல்லுவோமா?" என்றாள் அழகுத்தாய்.

"இப்பச் சொன்னா, உங்க தாலிக்கொடியில செம்பு கலந்திருக்குன்னு சொல்லுவாரு" என்றாள் நூர்பானு. "எங்க இருந்துன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போவோம்."

வியாழக்கிழமை மத்தியானம் கணவருக்குச் சோற்றுக் கேரியரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். மறுநாள் வெள்ளி. கேரியரைப் பிரித்துவைத்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னாள். அபுபக்கர் தலையை ஆட்டிக் கேட்டபடி சாப்பிட்டார். சாதுவான மனிதர். கடையில் விலையைத் தவிர வேறு எதற்கும் குரலை உயர்த்த மாட்டார்.

"எல்லாம் சரி. ஒரு நீச்சல் குளத்துக்குள்ள செம்பு எப்படிங்க வரும்?" என்று கேட்டாள்.

அபுபக்கருக்குப் புரையேறியது. தண்ணீரைக் குடித்தார். அவர் கண் மட்டும் ஒரு தடவை சுண்ணாம்பு மூட்டைகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய்விட்டுத் திரும்பியது. முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு தடவை போதும். நூர்பானு எழுந்து போய் மூட்டைகளை விலக்கினாள். பின்னால் வாய் கட்டாத ஒரு சாக்கு. உள்ளே நீல நிறத்தில், கற்கண்டு கட்டி மாதிரி, மயில்துத்தம்.

தோப்புக்காரர்களும் வெள்ளையடிப்பவர்களும் வாங்கிக்கொண்டு போகிற சரக்குதான். மரத்தில் நோய் விழுந்தால் சுண்ணாம்போடு கரைத்து அடிப்பார்கள். கிணற்றில் பாசி கட்டினால் துணியில் முடிந்து இறக்குவார்கள். துத்தம் முழுக்கச் செம்புச் சத்து. இது கடை வைத்திருக்கிற அவளுக்குத் தெரியாததல்ல. நீச்சல் குளத்தையும் துத்தத்தையும் சேர்த்து நினைக்கத்தான் தோன்றவில்லை.

"கருத்தப்பாண்டி அண்ணாச்சி இத வாங்கிட்டுப் போறாரா?"

"வாங்கல" என்றார் அபுபக்கர். "நாந்தான் கொடுத்தேன்."

நூர்பானு சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ மொத நாள் வந்து சொன்னேல்ல, குளத்துப் படி லேசா வழுக்குதுன்னு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. ஏற்கெனவே முட்டு போயிருச்சு, விழுந்து இடுப்பும் போச்சுன்னா என்ன பண்ண? அண்ணாச்சி வால்வு வாங்க வந்தாரு. ஒரு பிடி துத்தத்தப் பொட்டலம் கட்டிக் கையில கொடுத்து, பாசி பிடிக்காமப் பாத்துக்கோங்கன்னு சொன்னேன். உனக்குத் தெரிய வேணாம்னும் சொல்லிவிட்டேன். அவரும் வாக்குக் கொடுத்தாரு. பொறவு அவரா வந்து அப்பப்ப எடுத்துட்டுப் போவாரு. நானும் எம்புட்டுன்னு பாக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, நான் என்ன சின்னப் பிள்ளையான்னு சண்டைக்கு வருவ."

"இப்ப மட்டும் வர மாட்டேனா?"

வந்தாள். கடைக்கு வந்த ஒரு கொத்தனார், வாசலிலேயே நின்று, பொறவு வாரேன் என்று சொல்லிப் போய்விட்டார். திட்டிக்கொண்டே இருக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. தனக்கென்று இருந்த ஒரே ஒரு மணி நேரத்தைக் கெடுத்தது யாரோ எதிரி என்றால் நிம்மதியாகக் கோபப்படலாம். தன்மேல் உள்ள அக்கறையிலேயே ஒரு மனிதர் அதைக் கெடுத்துவைத்திருந்தால் அவள் என்ன செய்வாள்? சோறு ஆறிக் கிடந்தது. அபுபக்கர் கையைக் கழுவாமல் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் கடைய அடைச்சிட்டு என்கூட வாங்க" என்றாள் கடைசியில். "நீங்களே வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை பத்தரைக்கே எல்லோரும் கூடிவிட்டார்கள். கருத்தப்பாண்டி, மில் ஆபீசருமாருக்குச் சொல்லிவிட இருந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அபுபக்கரை அங்கே பார்த்ததும் அவர் முகம் கோணியது. பாய் ஒருநாளும் தோப்புப் பக்கம் வந்தவரில்லை.

"அண்ணாச்சி, மோட்டார் ரூமத் தெறங்க" என்றாள் நூர்பானு.

திறந்தார்கள். குளத்துக்குப் போகிற தண்ணீர் வந்து விழுகிற தொட்டிக்குள், கயிறு கட்டி ஒரு துணி மூட்டை தொங்கியது. பழைய வேட்டித் துணி. நனைந்து நனைந்து மயில் கழுத்து மாதிரி ஆகியிருந்தது. சின்னப் பொட்டலம் அல்ல, ஒரு தலையணை அளவு இருந்தது.

யுவராணி அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "அண்ணாச்சி, கெமிக்கல் எதுவும் போடலன்னு கொலசாமி மேல சத்தியம் பண்ணீக."

"கெமிக்கலு போடுறியான்னுதான கேட்ட?" கருத்தப்பாண்டிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இது துத்தம்ல்ல? எங்க கெணத்துக்கெல்லாம் காலங்காலமா போடுறது. தண்ணி கண்ணாடியா இருக்குன்னு வாரவுக எல்லாம் சொல்றாகல்ல, அது இந்த மருந்தாலதான்."

"தண்ணி கண்ணாடியா இருக்கிறதும் இதாலதான், சொவரு பச்சையாகுறதும் இதாலதான். நம்ம போர்த் தண்ணி உப்பு. அதுல குளோரின் பவுடரையும் அள்ளிக் கொட்டவும், இந்தச் செம்பு தண்ணியில நிக்க முடியாமச் சொவத்துல போயி ஒட்டிக்கிடுது. சொவத்துலயும் நாயி மேலயும்."

கருத்தப்பாண்டி மெல்ல அபுபக்கர் பக்கம் திரும்பினார். "பாய் சொல்லித்தான் போட்டேன்."

"நான் ஒரு பிடிதான சொன்னேன் அண்ணாச்சி" என்றார் அபுபக்கர் மிகவும் மரியாதையாக. "இது சிமெண்டு மூட்டையில பாதி இருக்கே."

"பச்சை கூடக் கூட மருந்தும் கூட்டணும்ல்ல பாய்? காய்ச்சல் கூடுனா டாக்டரு ஊசியக் கொறைப்பாரா?"

"அதுவும் சரிதான். ஆனா ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்."

"உங்க வீட்டுல தெரியக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக. வாக்குக் கொடுத்துட்டு மாற முடியுமா?"

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அண்ணாச்சி, பாய் என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே பழியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையன் இருவருக்கும் நடுவே பச்சை வயிற்றோடு நின்று முகம் முகமாகப் பார்த்தது.

"ரெண்டு பேரும் செத்த நிறுத்துறீகளா?" நூர்பானு இவ்வளவு சத்தமாகக் கடைக்கு வெளியே பேசியதில்லை. "நீங்க ரெண்டு பேரும் சேந்து எனக்கு நல்லது பண்ணீக. பழிய எங்க கழுத்துல கட்டினீக. கழுத்தத் தொடச்சுப் பாத்தீக, உள்ளங்கையக் காட்டச் சொன்னீக. காட்டினேன். ஏன்னா எனக்கு இந்த ஒரு மணி நேரம் வேணும் அண்ணாச்சி. முட்டுக்காக மட்டும் இல்ல. எனக்கு நீந்தணும்."

சொல்லிவிட்டாள். முட்டுவலி என்கிற திரை போய்விட்டது. அபுபக்கர் மனைவியைப் புதிதாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

கருத்தப்பாண்டி பிடிவாதக்காரரே தவிர அநியாயக்காரர் அல்ல. கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு மில் ஆபீசரைக் கூப்பிட்டு, "சார், அந்தப் பதினோரு மணி தோதுப்படாது. அது லேடீஸ் நேரம். எப்பவும் லேடீஸ் நேரந்தான்" என்றார். எதிர்ப்பக்கம் என்ன கேட்டார்களோ, "இல்ல சார், மஞ்சள்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அத்தோடு காரியம் முடிந்ததாக நினைத்தால் கருத்தப்பாண்டியைத் தெரியாதவர்கள் என்று அர்த்தம். தப்பு என்று தெரிந்தால் அவருக்கு உடனே சரி செய்தாக வேண்டும். "என்ன பண்ணணும், சொல்லு" என்று யுவராணியைக் கேட்டார். துத்தத்தை எடுத்து எறிய வேண்டும், தண்ணீரை இறைத்துவிட்டுச் சுவரைப் புளியோ எலுமிச்சை உப்போ போட்டுத் தேய்க்க வேண்டும், பிறகு புதுத் தண்ணீர் விட வேண்டும் என்றாள் அவள். கோடையில் போர் ஓடுகிற ஓட்டத்துக்குக் குளம் நிறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

"இறைச்சிருவோம். இப்பவே இறைச்சிருவோம். பாய், வாங்க, அந்த வால்வத் திருப்பணும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் நுழைந்தார். அபுபக்கரும் பிராயச்சித்தம் கிடைத்த நிம்மதியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் போனார்.

நூர்பானு போன் எடுத்து மணி பார்த்தாள். பதினொன்று ஆகியிருந்தது.

"டீச்சர், இன்னிக்கு நம்ம நேரம் இருக்குல்ல?"

யுவராணி அவளைப் பார்த்தாள். "இருக்குக்கா. அவுக இறைக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள எறங்கிருவோம். பொறவு நல்லாத் தலைக்குக் குளிச்சிருங்க."

நூர்பானு ஐந்து நிமிஷத்தில் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள். மோட்டார் ரூமுக்கும் குளத்துக்கும் நடுவே ஆள் உயரச் சுவர். அந்தப் பக்கம் ஆண்கள் இரண்டு பேரும் வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பது கேட்டது. தண்ணீர் வழக்கம்போல ஊக்கு தெரிகிற தெளிவில் கிடந்தது. இன்னும் ஒரு மாதத்துக்கு இது இருக்காது. ஒரு மாதத்துக்குள் முட்டு என்ன ஆகுமோ, கடையில் என்ன வேலை வருமோ, மகள் வீட்டில் என்ன விசேஷம் வருமோ, யார் கண்டது? நூர்பானு ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யுவராணி நடு ஆழத்தில் மிதந்து நின்று கையை நீட்டினாள்.

"பிடிக்க மாட்டேன்க்கா. நீட்டிக்கிட்டு நிப்பேன். நீங்க பாட்டுக்குப் போங்க."

"ஏட்டி, பிடிக்கலன்னா எதுக்குட்டி நீட்டுற?"

"தைரியத்துக்கு."

அழகுத்தாய் கரையில் உட்கார்ந்து பிஸ்மில்லா சொல்லு என்றாள். நூர்பானு ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். சுவரைக் காலால் உந்தினாள். கை விட்டுப் போனது.

முதலில் காது நிறையத் தண்ணீர் சத்தம். பிறகு ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனது. மயில்துத்தத்தின் துவர்ப்பு அதில் இருந்ததா, பயத்தின் துவர்ப்பா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கால் அடித்தது. கை இழுத்தது. கீழே தரை நழுவி ஆழத்துக்குப் போவது தெரிந்தது. யுவராணியின் கை பக்கத்தில் வந்து பின்னால் போய்விட்டது. நூர்பானு அதைப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதே தாண்டிய பிறகுதான் உறைத்தது. இதோ முடிந்தது, முங்கிவிடுவேன் என்று நினைத்த நேரத்தில் விரல் எதிலோ இடித்தது.

எதிர்ச் சுவர். ஒரு மாதமாக அவள் தூரத்திலிருந்தே பார்த்திருந்த சுவர். கிட்டத்தில் பார்த்தால் இந்தப் பக்கமும் அதே பச்சைதான், இன்னும் கொஞ்சம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அழகுத்தாய் கரையில் கை தட்டினாள். யுவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கருத்தப்பாண்டியின் குரல் வந்தது. "தங்கச்சி, வால்வு திருப்பியாச்சு. மோட்டாரப் போட்டுரவா?"

"போடாதீக அண்ணாச்சி" என்று நூர்பானு மூச்சிரைக்கச் சொன்னாள். "செத்த நேரம் பொறுங்க. நான் திரும்பிப் போகணும்."